கடுக்காய் போன தூரம்: நாரா நகரத்து ராணியின் மருந்துப் பெட்டிகள்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன பகுதி முடிந்ததும் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ஜப்பான் பண்பாடு ரொம்பத் தனித்துவமானதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா நீங்க பேசும்போது சீனா, கொரியா, இந்தியான்னு மாத்தி மாத்திச் சொல்றீங்க. அப்போ ஜப்பானோடதுன்னு என்னதான் இருக்கு?" நல்ல கேள்வி. பொதுவாகப் பதில் சொன்னால் "எல்லாம் கலவைதான்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அப்படி முடிக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கிற பொருள்தான். கடுக்காய்.

ஜப்பானில் நாரா என்று ஒரு ஊர். 710-லிருந்து 784 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, அதுதான் தலைநகரம். அங்கே தோதாய்ஜி என்ற பெரிய புத்தர் கோயில் இருக்கிறது. கோயிலின் பின்பக்கம், மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஒரு கிடங்கு. பெயர் ஷோசோயின். கிட்டத்தட்ட 33 மீட்டர் நீளம். தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்கும் மேல் தூக்கி, தூண்களின்மேல் நிற்கிறது. அரசரின் முத்திரை இருந்தால்தான் கதவைத் திறக்க முடியும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாடு நடந்திருக்கிறது. உள்ளே இருந்தவை சுமார் 9,000 பொருட்கள். அவற்றில் ஒன்று கடுக்காய்.

எப்படி அங்கே போனது? யார் வைத்தார்கள்? ஏன் வைத்தார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடினாலே நேயர் கேட்ட கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அம்மை வந்த வழி

கதை ஒரு நோயில் தொடங்குகிறது. 735-ல் ஜப்பானின் தெற்கே, கியூஷு தீவில் பெரியம்மை பரவியது. கொரியாவுக்கும் சீனாவுக்கும் கப்பல் போய் வருகிற வாசல் அது. கொஞ்சம் அடங்கி, 737-ல் மறுபடி வந்தது. இந்தத் தடவை தலைநகரத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. அந்த ஆண்டு கொரியாவின் சில்லா நாட்டுக்குப் போய்த் திரும்பிய தூதுக்குழுவின் தலைவரே வழியில், சுஷிமா தீவில் இறந்துபோனார். மொத்த மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறந்திருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

அப்போது அரசராக இருந்தவர் ஷோமு. அவருடைய ராணி கோம்யோ. ஃபுஜிவாரா என்ற பெரிய குடும்பத்துப் பெண். அவருக்கு நான்கு சகோதரர்கள். நாட்டை நடத்திக்கொண்டிருந்தவர்களே அந்த நால்வர்தான். 737-ல், ஒரே ஆண்டில், நான்கு பேரும் அம்மையில் போய்விட்டார்கள். அதற்கு முன்பே, 728-ல், ராணியின் கைக்குழந்தை இறந்திருந்தது.

இதை நான் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் மருந்துப் பெட்டி வரும்போது இந்த ஐந்து சாவும் உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

அந்த 737-ல் அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அது இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. நோயாளி வெறுந்தரையில் படுக்கக்கூடாது. வயிற்றையும் இடுப்பையும் துணியால் சுற்றிச் சூடாக வைக்க வேண்டும். பச்சைத்தண்ணீர் கூடாது, பச்சை மீன் கூடாது. அரிசிக் கஞ்சி கொடுக்கலாம். இதெல்லாம் சீன மருத்துவ நூல்களின் அறிவு. ஜப்பானியக் கிராமத்துக்கு ஏற்றபடி எளிமையாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். படிக்கும்போது நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற பத்தியம் மாதிரியே இருக்கும்.

நோய் வந்ததும் கடல்வழிதான், மருந்தறிவு வந்ததும் கடல்வழிதான். "கப்பலே வேண்டாம், கதவை மூடிடலாம்" என்று அந்த அரசு முடிவெடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதற்கு நேர்மாறாக ஒன்றைச் செய்தது.

பெரிய புத்தர்

743-ல் ஷோமு ஒரு ஆணை போட்டார். நாட்டையே காக்கிற மாதிரி ஒரு மாபெரும் வெண்கலப் புத்தர் செய்ய வேண்டும், ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து கொடுக்க விரும்புகிற எளியவரும் அதில் சேரலாம் என்பது அந்த ஆணையின் கருத்து. 747-ல் வார்ப்பு தொடங்கி, 749-ல் உடல் முழுக்க எட்டுக் கட்டமாக வார்க்கப்பட்டது. உயரம் சுமார் 15 மீட்டர். ஐந்து மாடிக் கட்டடம் அளவுக்கு உட்கார்ந்த நிலையில் ஒரு வெண்கலப் புத்தர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் யார் செய்தார்கள் என்று பாருங்கள். சிலை வேலையின் பொறுப்பாளர் பெயர் குனினாகா நோ கிமிமாரோ. அவருடைய தாத்தா கொரியாவின் பெக்ஜே நாட்டுக்காரர். 660-ல் பெக்ஜே வீழ்ந்தபிறகு, நாடு போய் ஜப்பானுக்கு வந்து குடியேறியவர். அகதியின் பேரன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மக்களிடம் போய்ப் பணமும் பொருளும் திரட்டியவர் கியோகி என்ற துறவி. அவர் குடும்பமும் பெக்ஜேயிலிருந்து வந்த வழிதான். இவர் கதை சுவாரசியம். ஊர் ஊராகப் போய் பாலம் கட்டுவது, ஏரி வெட்டுவது, கூட்டம் சேர்த்துப் போதிப்பது என்று இருந்தார். "அனுமதி இல்லாமல் கூட்டம் சேர்க்கிறான்" என்று 717-ல் அரசே அவரைக் கண்டித்தது. பிற்பாடு அதே அரசுக்கு, மக்கள் நம்புகிற ஒரு ஆள் தேவைப்பட்டபோது அவரையே கூப்பிட்டு, 745-ல் துறவிகளில் மிக உயர்ந்த பதவியைக் கொடுத்தது.

சிலைமேல் பூசத் தங்கம் வேண்டும். ஜப்பானில் தங்கம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 749-ல் வடகிழக்கே முத்சு மாகாணத்தில் தங்கம் கிடைத்தது. அனுப்பிவைத்த மாகாண ஆளுநர் யார்? பெக்ஜே அரச குடும்பத்தின் வாரிசு, கியோஃபுகு.

இதற்கு நடுவில் உள்ளூர்த் தெய்வங்கள் என்ன ஆயின? அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கியூஷுவில் உசா என்ற ஊரில் ஹச்சிமான் என்று ஒரு தெய்வம். புத்தர் வருவதற்கு முன்னாலிருந்தே மண்ணோடு இருக்கிற 'காமி' மரபைச் சேர்ந்த சாமி. 749-ல் அந்த ஹச்சிமான், "நானும் இந்த வேலைக்குத் துணை நிற்கிறேன்" என்று குறி சொல்லி, பல்லக்கில் நாராவுக்கு வந்து சேர்ந்தார். வெளியிலிருந்து வந்த புத்தரை வரவேற்க உள்ளூர்ச் சாமி ஊர்வலமாக வருகிறார். ஒன்றை ஒன்று விரட்டவில்லை. தோதாய்ஜிக்குப் பக்கத்தில் அவருக்கு இன்றும் கோயில் இருக்கிறது.

சரி, இதெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. செலவு? சுமார் 500 டன் செம்பு. வேலை செய்தவர்கள் கணக்கு 26 லட்சம் என்று கோயிலின் பழைய பதிவு சொல்கிறது; ஒரே ஆள் பல தடவை எண்ணப்பட்ட கணக்குதான், ஆனாலும் எவ்வளவு உழைப்பு என்று பாருங்கள். அம்மையில் பாதி ஊர் காலியான நாட்டில் இது நடக்கிறது. 757-ல் நரமாரோ என்ற பிரபு ஆட்சிக்கு எதிராகச் சதி செய்து பிடிபட்டார். விசாரணையில் ஏன் செய்தாய் என்று கேட்டபோது, தோதாய்ஜி கட்டியதால் மக்கள் பட்ட துன்பத்தைக் காரணமாகச் சொன்னார். விசாரித்தவர் விடவில்லை: அந்த வேலை தொடங்கியதே உன் அப்பா மந்திரியாக இருந்த காலத்தில்தானே என்று திருப்பிக் கேட்டார். நரமாரோவால் பதில் சொல்ல முடியவில்லை. இது அரசின் அதிகாரபூர்வ வரலாற்று நூலிலேயே பதிவாகியிருக்கிறது. ஆக, அந்தக் காலத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. நாம் புதிதாகக் கேட்கவில்லை.

கண் திறந்த நாள்

752, நான்காம் மாதம் ஒன்பதாம் நாள், அவர்கள் சந்திர நாட்காட்டிப்படி. புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு. நம் ஊரில் சிற்பி கடைசியில் கண் திறப்பார் இல்லையா, அதே கருத்துதான். கண்மணியை வரைந்தால்தான் சிலைக்கு உயிர் வரும்.

அந்தத் தூரிகையைப் பிடித்தவர் போதிசேனர். தென்னிந்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, பௌத்தத் துறவியாகி, சீனாவுக்குப் போனவர். அங்கிருந்து 736-ல் ஜப்பானியத் தூதர்களின் கப்பலில் வந்து சேர்ந்தார். அதே கப்பல் பயணத்தில் தாவோசுவான் என்ற சீனத் துறவியும், இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டுத் துறவி ஒருவரும் வந்தார்கள். ஜப்பானியர் அவரை புத்தெட்சு என்று அழைத்தார்கள்.

தூரிகையில் ஒரு நீளமான நீலக் கயிறு கட்டியிருந்தார்கள். கிட்டத்தட்ட 200 மீட்டர். ஷோமுவும் கோம்யோவும், அப்போது ஆட்சியில் இருந்த அவர்கள் மகள் கோக்கெனும், கூடியிருந்தவர்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். போதிசேனர் கண் வரையும்போது கயிறு பிடித்த எல்லாருமே வரைந்த மாதிரி. 10,000 துறவிகள் வந்திருந்தார்கள் என்று பதிவு. சிலைக்குத் தங்கப்பூச்சு முழுசாக முடியக்கூட இல்லை, அதற்குள் விழாவை நடத்திவிட்டார்கள். பௌத்தம் ஜப்பானுக்கு வந்தது 552-ல் என்று அவர்களின் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி அது சரியாக இருநூறாவது ஆண்டு.

அந்தத் தூரிகையும் இருக்கிறது, நீலக் கயிறும் இருக்கிறது. ரெண்டுமே ஷோசோயினில். 1180-ல் உள்நாட்டுப் போரில் கோயில் எரிந்துபோனது. சிலையைச் சரிசெய்து 1185-ல் மறுபடி கண் திறந்தபோது, கிடங்கிலிருந்து அதே தூரிகையைத்தான் எடுத்து வந்தார்கள்.

அன்றைக்கு ஆடின ஆட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். சம்பா நாட்டு இசை, சீனத்து இசை, கொரிய இசை, ஜப்பானின் சொந்த ஆட்டங்கள், எல்லாம் வரிசையாக. முகமூடி போட்டு ஆடுகிற கிகாகு என்ற கூத்தும் நடந்தது. அதை 612-ல் பெக்ஜேயிலிருந்து வந்த மிமாஜி என்பவர் கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். 752-ஆம் ஆண்டு பொறித்த முகமூடிகள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒரு முகமூடிக்குப் பெயர் 'காருரா'. நம் கருடன்தான். இன்னொன்று 'பாராமோன்', அதாவது பிராமணர். பெரிய மூக்கோடு, கொஞ்சம் கேலியாகச் செய்த முகம். கண் திறந்துவைக்கிறவர் ஒரு நிஜப் பிராமணர். அதே காலத்துக் கூத்தில் பிராமணர் ஒரு கோமாளிப் பாத்திரம். ரெண்டையும் ஒரே ஊர் தாங்கியிருக்கிறது.

கண் தெரியாதவர் மூக்கு

இப்போது கடுக்காய்க்கு வருவோம். கண் திறப்பு முடிந்த அடுத்த ஆண்டின் கடைசியில், 753-ல், கான்ஜின் என்ற சீனத் துறவி ஜப்பான் கரையில் இறங்கினார். சீனப் பெயர் ஜியான்ஜென். யாங்சோ நகரத்தவர். முறைப்படி துறவு கொடுக்கத் தகுதியுள்ள ஆசான்கள் ஜப்பானில் போதுமான அளவு இல்லை, நீங்கள் வரவேண்டும் என்று கேட்டதால் கிளம்பினார். ஐந்து தடவை முயன்று ஐந்தும் தோற்றுப்போனது. ஐந்தாவது தடவை புயலில் மாட்டிக் கப்பல் தெற்கே ஹாய்னான் தீவுக்கு அடித்துச் செல்லப்பட்டது. அங்கிருந்து திரும்புகிற வழியில் பார்வை போனது. ஆறாவது தடவை, பார்வை இல்லாமலேயே வந்து சேர்ந்தார்.

743-ல் அவர் ஒரு பயணத்துக்குத் தயார் செய்தபோது கப்பலில் என்னென்ன ஏற்றினார்கள் என்ற பட்டியல், அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலில் இருக்கிறது. வாசனைப் பொருட்கள் தனி. அதற்கடுத்து ஒரு வரி: திப்பிலி, கடுக்காய், மிளகு, பெருங்காயம், கற்கண்டு மாதிரியான கட்டிச் சர்க்கரை, கரும்புச் சர்க்கரை. இதை நான் முதன்முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது!

இதெல்லாம் அவர் கையில் எப்படி வந்தது? அதற்கும் அதே நூலில் பதில் இருக்கிறது. ஹாய்னானிலிருந்து திரும்பும்போது, 750 வாக்கில், குவாங்சோ துறைமுகத்தைப் பார்க்கிறார்கள். ஆற்றில் இந்தியக் கப்பல்கள், பாரசீகக் கப்பல்கள், தென்கிழக்காசியக் கப்பல்கள், எண்ண முடியாத அளவுக்கு. மருந்தும் வாசனைப் பொருளும் மலைபோல் குவிந்திருக்கிறது. ஊருக்குள் மூன்று பிராமணக் கோயில்கள். அங்கே ஒரு பௌத்தக் கோயிலில் இரண்டு கடுக்காய் மரங்கள் நிற்கின்றன, காய் பெரிய இலந்தைப்பழம் மாதிரி இருக்கிறது என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஆக, காய் மட்டும் போகவில்லை. மரமே போய் வேர்விட்டிருக்கிறது.

ஜப்பானுக்கு வந்தபிறகு கான்ஜினிடம் மருந்துகளைக் கொடுத்து எது அசல், எது போலி என்று சொல்லச் சொன்னார்கள். கண் தெரியாது. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தே சொன்னார், ஒன்றுகூடத் தவறவில்லை என்று அரசு வரலாறு எழுதிவைத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், தூரத்திலிருந்து வருகிற மருந்து. விலை அதிகம். போலி கலந்திருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. காயின் வாசனை தெரிந்த ஒரு மனிதர் வந்து சேர்ந்தால்தான் அந்தக் காய்க்கே மதிப்பு. பொருள் கப்பலில் போகும். அறிவு மனிதரோடுதான் போகும்.

ராணியின் பட்டியல்

756-ல் ஷோமு இறந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தன்று, கோம்யோ அவருடைய பொருட்களைப் பெரிய புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அறுநூறுக்கும் மேற்பட்ட பொருட்கள். ஐந்து நரம்பு யாழ் வகை ஒன்று, சிப்பி பதித்தது. அதில் ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்து ஒருவர் இசைக்கிற படம். அந்தக் காலத்து ஐந்து நரம்புக் கருவியில் உலகத்திலேயே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். திரைகள், வாள்கள். ஷோசோயின் என்றாலே எல்லாரும் பேசுவது இவற்றைத்தான்.

அதே நாளில் இன்னொரு பட்டியலும் எழுதப்பட்டது. 60 வகை மருந்து, 21 பெட்டிகளில். அதைப் படித்தால் ஆசியா முழுக்க வரிசையில் நிற்கும். மிளகு இருக்கிறது. அன்றைக்கு அது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத்து விளைபொருள். திப்பிலி இருக்கிறது. பாக்கு இருக்கிறது. நெல்லி, 'அமலகம்' என்ற வடமொழிப் பெயரைச் சீன எழுத்தில் ஒலிபெயர்த்தபடி இருக்கிறது. கடுக்காய், 'ஹரீதகி'யின் வழி வந்த பெயரோடு, காரிரோகு என்று இருக்கிறது. திரிபலாவில் மூன்றில் ரெண்டு ஆச்சு இல்லையா? சில்லாவிலிருந்து ஆட்டுக் கொழுப்பு. சீனத்து அதிமதுரம், ஜின்செங். கரும்புச் சர்க்கரையும் மருந்தாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சாப்பாட்டுப் பொருள் ஆகவில்லை இன்னும்.

பட்டியலின் கடைசியில் ராணி தன் நோக்கத்தை எழுதியிருக்கிறார். நோயால் துன்பப்படுகிறவர் யாருக்காவது தேவைப்பட்டால், கோயில் நிர்வாகத்திடம் தெரிவித்து எடுத்துப் பயன்படுத்தலாம். இதைச் சாப்பிடுகிறவர்களின் நோய் எல்லாம் நீங்க வேண்டும், இளமையில் சாவு வரக்கூடாது என்பது அதன் சாரம்.

இளமையில் சாவு வரக்கூடாது. எழுதுவது யார் என்று நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையை இழந்தவர். ஒரே ஆண்டில் நாலு சகோதரர்களை இழந்தவர். இப்போது கணவரையும் அனுப்பிவைத்துவிட்டு எழுதுகிறார்.

இது வெறும் வார்த்தையும் இல்லை. கோம்யோ 730-லேயே ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கிற ஒரு சாலையைத் தொடங்கியிருந்தார். அந்தச் சாலைக்குத் தேவைப்பட்டபோது இந்தப் பெட்டிகளிலிருந்து மருந்து எடுத்துக் கொடுத்த பதிவுகள் இருக்கின்றன. அரச பொக்கிஷம் என்று பூட்டி வைத்தது ஒரு பக்கம். எடுத்து நோயாளிக்குக் கொடுத்தது இன்னொரு பக்கம். காலி ஆன மருந்துகள் எல்லாம் வீணானவை இல்லை, யாரோ ஒருவர் வயிற்றுக்குள் போனவை.

1940-களின் கடைசியில் அசாஹினா யாசுஹிக்கோ என்ற மருந்தியல் அறிஞர் தலைமையில் ஒரு குழு மீதமிருந்த மருந்துகளை ஆராய்ந்தது. 60-ல் ஏறக்குறைய 40 வகை மிஞ்சியிருந்தது. 1,200 ஆண்டு கழித்தும் அதிமதுரத்தில் அந்த இனிப்புச் சத்து இருந்தது. கடுக்காயும் இருந்தது.

ஒரு எழுத்து வரிசை

இந்த இடத்தில் எனக்கு வழக்கமாக வருகிற ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி: ஜப்பானிய எழுத்து வரிசை நம் வரிசை மாதிரியே இருக்கிறதாமே? ஆமாம், இருக்கிறது. உயிர் எழுத்து அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் க-ச-ட-த-ப-வில் அவர்களுக்கு இல்லாத ஒலிகளை நீக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. 'ப' இருக்கவேண்டிய இடத்தில் 'ஹ' வருகிறது, அவ்வளவுதான். அதற்கும் காரணம் உண்டு. பழைய ஜப்பானியத்தில் அது 'ப' ஒலியாகத்தான் இருந்தது, பின்னால் நகர்ந்துவிட்டது. நம் 'பிப்பலி', சீன எழுத்தில் ஏறி ஜப்பானுக்குப் போய், இன்றைக்கு 'ஹிஹாட்சு' என்று ஒலிப்பதிலும் அதே நகர்வைக் கேட்கலாம்.

ஆனால் இதைப் போதிசேனர் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார் என்று சுற்றுகிற கதையை நம்பாதீர்கள். இந்த வரிசைக்குக் கிடைக்கிற பழைய சான்று 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. அவருக்குப் பின் இரண்டரை நூற்றாண்டு. மந்திரங்களைச் சரியாக உச்சரிக்கவேண்டும் என்று வடமொழி எழுத்தைத் தலைமுறை தலைமுறையாகப் படித்த ஜப்பானியத் துறவிகள், அந்த ஒழுங்கை எடுத்துத் தங்கள் மொழிக்குப் பொருத்தினார்கள். வேலை செய்தவர்கள் அவர்கள். பெருமையும் அவர்களுக்கே.

இரண்டாவது கேள்வி: தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பமா? ஓனோ சுசுமு என்ற பெரிய ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு உறவை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். நமக்கெல்லாம் கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை. அதை ஆதாரமாக வைத்துக்கொண்டு மேடையில் முழங்குவது சரியில்லை என்பது என் கருத்து. எழுத்து வரிசை மாதிரி, கடுக்காய் மாதிரி, உறுதியாகக் கையில் பிடிக்க முடிகிற தொடர்புகள் இருக்கும்போது, உறுதியில்லாததை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

அப்போ ஜப்பானோடது என்ன?

நேயர் கேள்விக்குத் திரும்புகிறேன். சிலை செய்தவர் பெக்ஜே வழி, தங்கம் அனுப்பியவர் பெக்ஜே வழி, கண் திறந்தவர் இந்தியர், ஆட்டம் சம்பாவுடையது, மருந்தை முகர்ந்து சொன்னவர் சீனர், கடுக்காய் நம் பக்கத்துக் காய். அப்போ ஜப்பானுடையது என்ன?

எனக்குத் தோன்றுவது இது. நிறைய நாடுகளுக்குப் பொருட்கள் வந்தன. வந்த பொருளை என்ன செய்தார்கள் என்பதில்தான் ஒரு பண்பாடு தெரிகிறது. ஐந்து நரம்பு யாழ் சீனாவில் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும். இன்று ஒன்றுகூட இல்லை. சில்லாவின் பாத்திரங்கள், சுற்றிவந்த பழைய தாளோடு நாராவில்தான் இருக்கின்றன. கிகாகு முகமூடி பெக்ஜேயில் கிடைக்காது. வாங்கியவர்கள் பட்டியல் எழுதினார்கள். யார் எப்போது எவ்வளவு எடுத்தார்கள் என்று கணக்கு வைத்தார்கள். தேவதாரு வகைப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஈரம் ஏறாமல், வெயில் படாமல், முத்திரை கலையாமல், அம்பது அறுபது தலைமுறை கைமாற்றிக் கொடுத்தார்கள். அது ஜப்பானுடையது. யாரிடமிருந்தும் கடன் வாங்கியதில்லை.

அதோடு, வந்ததைத் தன்னுடையதாக மாற்றிக்கொள்கிற பழக்கமும். கடுக்காய்க்கே திரும்பினால், பிற்காலத்தில் ஜப்பானில் அது மருந்து என்பதிலிருந்து மங்கலப் பொருளாக ஆனது. வெண்பட்டுப் பைக்குள் கடுக்காய் போட்டு, ஐந்து நிறக் கயிறு கட்டி, அறையில் தொங்கவிடுவார்கள். தேநீர் விருந்து நடக்கிற அறைகளில், புத்தாண்டு நேரத்தில், இன்றும் அதைப் பார்க்கலாம். பெயர் அதே காரிரோகு. கெட்டது அண்டாதாம். நம் ஊரில் கதவில் எலுமிச்சை கட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஷோசோயின் பொருட்களில் சிலவற்றை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். 1946-லிருந்து நடக்கிறது. போர் முடிந்து நாடே இடிந்து கிடந்த நேரத்தில் தொடங்கியது. ஒவ்வொரு ஆண்டும் வெவ்வேறு பொருட்கள். யாழ் வந்தால் கூட்டம் அலைமோதும். மருந்து வந்தால் அவ்வளவு கூட்டம் நிற்காது. சுருங்கிப்போன ஒரு காய், காய்ந்த வேர், ஒரு பொட்டலம் தூள். நீங்கள் அந்தப் பக்கம் போகிற வாய்ப்புக் கிடைத்தால், தயவுசெய்து அதன் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்தியக் கரையிலிருந்து ஏதோ ஒரு கப்பலில் ஏறி, குவாங்சோவில் இறங்கி, யாங்சோ போய், மறுபடி கடல் தாண்டி, நாலு சகோதரர்களை இழந்த ஒரு பெண்ணின் கையால் பெட்டிக்குள் போன பொருள் அது.

அடுத்த பகுதியில், சில்லாவிலிருந்து 752-ல் வந்த எழுநூறு பேர் கொண்ட தூதுக்குழுவைப் பற்றிப் பேசலாம். நாராவின் பிரபுக்கள் அவர்களிடம் என்னென்ன வாங்கினார்கள் என்ற கொள்முதல் சீட்டுகளே கிடைத்திருக்கின்றன. கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள். இந்தத் தடவை மாதிரி, ஒரு நல்ல கேள்வி வந்தால் ஒரு முழுப் பகுதியே கிடைத்துவிடுகிறது.